மஞ்சாடி

திங்கட்கிழமைகளில்
செட்டியார் தெருவில் கடை திறக்க முன்
வளையல் பெட்டியிலிருந்து அவளை எடுத்து
பொன் நிறுக்கும் தராசில் வைப்பேன்.
நாற்பத்தினாலு கிராம்.
ஐந்தரைப் பவுண்.
கழுத்தை நீட்டி
விலை கேட்கிறவள் மாதிரிப் பார்ப்பாள்.
ஆணா பெண்ணா என்று தெரிய
இன்னும் பத்து வருடம் ஆகுமாம்.
அதுவரை அவள்.
பெயர் மஞ்சாடி.

"தக்காளி குடுங்க, வாழைப்பழம் குடுங்க,
எதுவும் தின்னும்" என்றான் விற்றவன்.
எதுவும் தின்னவில்லை. தக்காளி மட்டும்.
ஒரு கிழமை முழுக்கத் தக்காளி.
வாயெல்லாம் சிவப்பு,
வயிறு தண்ணீராய்ப் போனது.

தெஹிவளையில் மிருக வைத்தியர்
ஓட்டை விரலால் தட்டினார்.
"இது வறண்ட நிலத்துப் பிள்ளை.
புல்லையும் நாரையும் கேட்கிற வயிறு.
சாப்பாடும் பிழைச்சு வெயிலும் பிழைச்சால்
முதுகில கோபுரம் எழும்பும்."

புல்.
கொழும்பு ஆறில் நான் புல்லுக்கு எங்கே போவேன்?
ரயில் பாதையோரப் புல்லில் எண்ணெய்.
காலிமுகத் திடலில்
பாதி புல், பாதி வடைக் கடதாசி.
கடைசியில் எங்கள் ஃபிளாட்டுக்குப் பின்னால்,
கார்கள் நிறுத்துமிடத்தில்,
மருந்தடிக்காத ஒரு பாய் அகல அறுகு.
குனிந்து கிள்ளும்போது காவலாளி நிமல்சிறி வந்தார்.
"பிள்ளையாருக்கா மாத்தயா?"
ஓம் என்றேன்.

அவள் அதை மிதித்துக்கொண்டு நடந்தாள்.

இருபத்தாறு வருடம் கலப்படம் பிடித்தவன் நான்.
உரைகல்லில் ஒரு கீறல் போதும்,
செம்பு எவ்வளவு என்று சொல்லிவிடுவேன்.
அன்றிரவு, முதன்முதலாய், கலந்தேன்.
தக்காளி இருபத்திரண்டு கேரட்,
மயிரிழையாய் அரிந்த அறுகு மீதி இரண்டு.
அவளுக்குத் தெரியவில்லை.
மூன்றாம் நாள் பதினெட்டு.
அடுத்த கிழமை பதினாலு. துப்பினாள்.
ஒருநாள் பொறுத்து, திரும்பவும் பதினாலு.
பிறகு ஒன்பது.
பிறகு தக்காளி வெட்டிய கத்தியால் அரிந்த வெறும் புல்.
பிறகு
கத்தியையும் கழுவினேன்.

இப்போது புல்தான் சோறு, மற்றதெல்லாம் கறி.
சந்தையில் சோமலதா என்னைக் கண்டதும்
ஆமைக்கா என்று சிங்களத்தில் கேட்டு
வாடாத கட்டாய்ப் பார்த்து எடுத்துத் தருவாள்.
ஒருநாள் வல்லாரை. ஒருநாள் முருங்கையிலை.
பசளி எப்போதாவது;
உடம்பில் சுண்ணாம்பு சேரவிடாத ஏதோ அதில் உண்டாம்.
மீன்கார ரிஸ்மி கணவாய் ஓட்டுக்குக் காசு வாங்குவதில்லை.
உப்புப் போக ஊறவைத்து, காயவைத்து,
அரத்தால் ராவி இலையில் தூவுகிறேன்,
பொன்தூள் பிடிக்கிற கையால், சிந்தாமல்.

வெள்ளியில் செவ்வரத்தம்பூ.
முதல்தடவை சிவப்பென்று ஓடி வந்தாள்
(ஓடி என்றால், அவளுடைய ஓட்டம்),
தக்காளி இல்லையென்று கண்டு நின்றாள்,
யோசித்தாள்,
ஓர் இதழைத் தின்றாள்.
பிறகு முழுப்பூவையும்.

எனக்கு இரவுக்கு இரண்டு மீன் ரோல்ஸ், ஒரு பிளேன்டீ.
அவள் பார்க்காமல் இருக்க
பல்கனிக் கதவைச் சாத்திவிட்டுத்தான் தின்கிறேன்.

இன்று ஆறரைப் பவுண்.
வளர்ந்து முடிந்தால் ஐம்பது கிலோ வரும் என்கிறார் வைத்தியர்.
பில் புத்தகத்தின் பின்பக்கத்தில் போட்டுப் பார்த்தேன்:
ஆறாயிரத்து இருநூற்றைம்பது பவுண்.
கடைத் தராசு இருநூறு கிராமோடு நின்றுவிடும்.
நாலாம் மாடி வீட்டுக்கு ஒப்பந்தம் இரண்டு வருடம்.
எனக்கு ஐம்பத்தொன்று.

மழை பெய்த அறுகு.
உதறி, துடைத்து,
அப்படியே வைக்கிறேன், அரியாமல்.
கடிக்க
அவளுக்குத் தெரியும் இப்போது.