கடைசிக் கட்டம்

துளசிமணியக்காவின் மாட்டுத்தீவனக் கடைக் கம்ப்யூட்டருக்குக்
கோயமுத்தூரில் படிக்கிற மகன்
புது விண்டோஸ் போட்டுக் கொடுத்துவிட்டுப் போனான்.
"இனிப் பாரும்மா, பறக்கும்" என்றானாம்.
பறந்துதான் போயிருந்தது
ஒன்பது வருசத்துக் கடன் கணக்கு.

வேலந்தாவளத்தில் சேதி, டீ ஆறுவதற்குள் பரவும்.
ரோட்டுக்கு இந்தப் பக்கம் தமிழில் பரவியது,
அந்தப் பக்கம் மலையாளத்தில்.
தக்காளி மண்டியில் அன்றைக்கு எல்லாருக்கும் ஒரே முகம்.
துக்கம் விசாரிக்கிறவர்கள் போல என் கடைக்கு வந்தார்கள்.
"கிட்டுமோ?" என்றார் கள்ளிறக்கும் சாமிக்குட்டி.
"கெடைக்காதுங்களா?" என்றார் பால்கார நஞ்சப்பன்.
இருவரும் வேண்டிக்கொண்டது
ஒரே பதிலை.

உள்ளதைச் சொன்னேன்.
அழிப்பது என்றால் அழிப்பதில்லை,
வாசலில் கதவிலக்கத்தைச் சுரண்டிவிடுவது.
உள்ளே ஆள் அப்படியே உட்கார்ந்திருக்கும்,
புதிதாக ஒருவர் வந்து
அதே நாற்காலியில் உட்காரும்வரை.

டிஸ்க்கைக் கழற்றி என் மிஷினில் மாட்டினேன்.
படிக்கலாம், ஓர் எழுத்தும் எழுதக்கூடாது.
ஆடி மாதம். கணவாய்க் காற்று ஷட்டரை உலுக்கியது.
கரண்ட் மூன்று முறை போய்வர
யூபிஎஸ் கோழிக்குஞ்சாய்க் கத்தியது.
பதினோரு மணி நேரம்.
வந்தவற்றுக்குப் பெயர் இல்லை, எண்தான்.

0001 பருத்திக்கொட்டை விலை.
0093 மகனின் பிளஸ் டூ மார்க் ஷீட், இயற்பியலுக்குக் கீழே சாம்பல்.
0212 யாரோ ஒருத்தர் வீட்டுச் சிந்துப் பசு, பக்கவாட்டில்.
0213 அதே பசு, வால் மட்டும்.
0417 கணக்கு.

திறந்தது.
முன்னூற்று நாற்பது வரி முழுசாக.
அதற்குக் கீழே கேள்விக்குறிகள், உடைந்த கட்டங்கள்.
விண்டோஸ் மிகச் சரியாக அங்கே வந்து உட்கார்ந்திருந்தது
சாமிக்குட்டியின் மேல்.
நான் முன்னூற்று முப்பத்தெட்டு.
லோகநாயகன், பதினெட்டாயிரத்து அறுநூறு.
எருமை இரண்டும் விற்றாயிற்று,
அவை தின்ற புண்ணாக்கு மட்டும் நிற்கிறது.
மூன்று வரி முந்தி உட்கார்ந்திருக்கக் கூடாதா
அந்த விண்டோஸ்.

ராத்திரி இரண்டே கால்.
வரியை நீலமாக்கி ஒரு தட்டு.
முப்பத்தொன்பது மேலேறி என் இடத்தில் நின்றது,
ஒன்றும் நடக்காதது போல.
தண்ணீர் குடித்தேன்.
திருப்பி வைத்தேன்.
நல்லவன் என்பதால் அல்ல.
அழித்தது எங்கே போய் உட்காரும் என்று தெரிந்தவன்
என்பதால்.

காலையில் அக்கா வந்தாள், கையில் தவிட்டு வாசம்.
திரையை மேலிருந்து கீழே உருட்டினாள்.
உடைந்த இடம் வந்ததும் மவுஸை விட்டுவிட்டு
வெளியே லாரியைப் பார்த்தபடி
வாய்ப்பாடு போலச் சொன்னாள்:
"சாமிக்குட்டி ஏழாயிரத்து எரநூறு.
ராவுத்தர் தம்பி நாலாயிரம்.
கொழிஞ்சாம்பாறை மேரி டீச்சர் தொள்ளாயிரத்தி அம்பது..."
முப்பது பேர். ஒரு பைசா தட்டவில்லை.

"அப்புறம் எதுக்குங்க்கா இது?"

"கடன் மறக்குமா?
யாருக்கு விட்டுட்டேங்கறதுதான் மறந்து போகுது."

திரையை வலப்பக்கம் நகர்த்தினாள்.
ராத்திரி முழுக்க நான் பார்க்காத கடைசிக் கட்டம்.
'மக பிரசவம். கேக்க வேண்டாம்.'
'கன்னு செத்துப்போச்சு. பாதி போதும்.'
'பொய் சொல்றான். ஆனாலும் விடு.'
முன்னூற்று முப்பத்தெட்டில் அந்த இடம் காலி.
அவளும் பார்த்தாள்.
"கூலி எவ்வளவு?"
"ரெண்டாயிரத்தி ஐநூறுங்க்கா."
ஒற்றை விரலால், எழுத்தைத் தேடித் தேடி
என் பதினெட்டாயிரத்து அறுநூறைப்
பதினாறாயிரத்து நூறாக்கினாள்.
"இது அழியாம இருக்க எதை அமுக்கோணும்?"
காட்டினேன்.

பிறகு அந்த உடைந்த வரிகளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.
"சாமிக்குட்டிக்கு விட்டேனா, விடலையா?
இப்ப யாரைப் போய்க் கேக்கறது?"

பாதி ஷட்டருக்கு வெளியே
சைக்கிளை ஊன்றுகிற சத்தம்.
குனிந்து எட்டிப்பார்த்த தலை
அக்காவைக் கவனிக்காமல் என்னிடம் கேட்டது:
"கிட்டியோ?"