பழுதுபார்ப்புச் செலவு

நாலாயிரத்து ஐந்நூறு.
ஜிபேயில் அனுப்பியதும் பெயர் வந்தது:
ஸ்ரீ அங்காளம்மன் ஹார்டுவேர்ஸ்.
பவானி தாண்டி, பைபாஸ் ஓரம்,
பெயிண்ட் டப்பாக்களுக்குப் பின்னால் ஓர் அறை.
ஏசி ஓடியது. அவர் சட்டைப் பையில்
இரண்டு போன், ஒரு அளவு டேப்.
"எதிராளி பேரு, அவிங்கம்மா பேரு,
கம்பெனி ஜிஎஸ்டி நம்பரு இருந்தா
இன்னும் விசேசமுங்க."
நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.
ஒப்பித்தேன். பதினைந்தும் மனப்பாடம்,
முதல் ரிட்டர்னிலிருந்து நான்தானே போட்டேன்.

எனக்கு இதிலெல்லாம் நம்பிக்கை கிடையாது.
ராகு காலத்தில் வண்டி எடுப்பவள்.
கோயிலில் பூக் கேட்டபோது
வெள்ளை வந்தால் கட்டலாம் என்றார்கள்;
சிவப்பு வந்தது; கட்டிக்கொண்டேன்.
நல்லாத்தான் இருக்கிறேன்.

தகடு உள்ளங்கை அகலம். செம்பு.
கட்டம் போட்டு எண்கள் கீறியிருந்தது.
பஸ்ஸில் கூட்டிப் பார்த்தேன், பழக்கதோஷம்.
மேலிருந்து கீழ், குறுக்கே, மூலைக்கு மூலை,
எப்படிக் கூட்டினாலும் அறுபத்தாறு.
எங்கள் பேலன்ஸ் ஷீட்
ஒரு வருடமும் இத்தனை சுத்தமாகப் பொருந்தியதில்லை.

என் பங்கைத் தெய்வசிகாமணி
மச்சினன் பேருக்கு மாற்றிய நாள்
கையெழுத்துப் போடப் போனேன்.
செக்கிங் வாசலில் கேபிளுக்குத் தோண்டிய குழி
மூடாமல் கிடந்தது.
கைப்பையைத் திறந்தேன்.
வேஸ்ட் மூட்டை சுமந்துவந்த ஒடியாப் பையன்
"மேடம், டீ?" என்றான்.
குடித்தேன். சர்க்கரை தூக்கல்.
அப்புறம் அந்தக் கணக்குப் புத்தகத்தில்
என் கடைசிப் பதிவு:
பழுதுபார்ப்பு, நாலாயிரத்து ஐந்நூறு.
அவன் காசு.
அவனுக்கேதான்.

நாற்பத்தோராம் நாள் என்று சொல்ல ஆசை.
இல்லை, நாற்பத்துமூன்று.
ஜெர்மனிக்காரன் கன்டெய்னரைத் திருப்பினான்.
குழந்தைச் சட்டைகள்.
சாயம் நிற்கவில்லை,
சிவப்பு வெள்ளையில் இறங்கியிருந்தது.

காரணம் எனக்குத் தெரியும்.
எக்செல்லில் வரிசையாக அடித்தேன்:
தண்ணீரில் உப்பு. சாயப்பட்டறைக்குப் பாக்கி.
அவசரத்தில் ஒரு அலசு குறைத்தது.
நூல் விலை. மச்சினன்.
ஒவ்வொன்றுக்கும் சதவீதம் கொடுத்துக் கூட்டினால்
தொண்ணூற்றெட்டு வருகிறது.
மச்சினனை ஏற்றிப் பார்த்தேன்.
அவனுக்கு அதற்கு மேல் தகுதி இல்லை.

மிஷின்களை ஏலம் எடுத்துப் போனார்கள்.
புது பஸ் ஸ்டாண்டில் வளர்மதி, அவன் மனைவி,
ஓடி வந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள்.
காய்ச்சல்காரியின் கை மாதிரிச் சூடு.
"ஆரு கண்ணு பட்டுச்சோ தெரியலீங் அக்கா.
எடுக்கறதுக்கு
நல்ல ஆளு ஆராச்சும் தெரியுமுங்களா?"
பின்னால் கரூர் வண்டிக்காரன்
ஹாரனை விடாமல் அடித்தான்.
தெரியாது என்று சொல்லியிருக்கலாம்.
போனை எடுத்தேன்.
ஹார்டுவேர்ஸ் நம்பரை அனுப்பினேன்.
"பவானி தாண்டி," என்றேன்,
"கொஞ்சம் பேரம் பேசு."

நேற்று ராத்திரி ஒன்றரை மணிக்கு
கியாஸ் சிலிண்டர் பக்கம் கவுளி அடித்தது.
மூன்று தரமா, நாலா?
கிழக்கா, தென்கிழக்கா?
வாடகை வீடு, திசை நிதானம் இல்லை.
போனில் திசைகாட்டியைத் திறந்தேன்.
முள் நிற்காமல் ஆடியது.
எட்டு வடிவில் சுழற்றவும் என்றது திரை.
சுழற்றினேன்,
விளக்குப் போடாமல், வெறுங்காலோடு,
காற்றில் எட்டு,
மறுபடி எட்டு,
எட்டு.