ஆறு

எண்ணெய் கசியும் இடத்தில் எண்ணெய் நிற்பதில்லை.
காற்று அதைப் பின்னால் தள்ளிக்கொண்டு போய்விடும்.
வால் பக்கத்து வயிற்றில் கறுப்பாய்க் கோடு கண்டால்
மூக்குப் பக்கம்தான் விசாரிக்க வேண்டும்.

உச்சிப்புளிக்குத் தெற்கே
உடைமரம் வெட்டிய பொட்டலில் தகரக் கொட்டகை.
கச்சான் அடிக்கிற மாதம்.
மணல் எதிலும் வந்து உட்காரும்,
ஈரமானதில் முதலில்.
மூன்றாம் சிலிண்டர் மூடியின் ஓரம்
மீசை அரும்பியதுபோல் ஒரு புழுதி.

கழற்றுமுன் கழுவ வேண்டும்.
கழுவிக் காய்ந்ததும் பவுடர் போட வேண்டும்.
கபார்தீன் கடையில் பெரிய டப்பாவாய்க் கேட்டேன்.
"வீட்ல பச்சப்புள்ளையா?"
"நாலு சிலிண்டர்" என்றேன்.
சில்லறையை எண்ணிக் கொடுத்தார், வேறு கேட்கவில்லை.

உடம்பு முழுக்கப் பூசி
ஐந்து நிமிஷம் ஓடவிட்டு அணைத்தேன்.
பாதிப் பவுடர் என் தலையில்.
மீதி வெள்ளையில்
கண்மை கரைந்த மாதிரி ஒற்றை இழை.

கார்க் கேஸ்கெட்.
யாரோ முன்பு பலத்தைக் காட்டியிருக்கிறார்கள்.
நசுங்கி, ஓரம் பிதுங்கி, தகடும் வளைந்து.
இறுக்க இறுக்கத்தான் ஒழுகும் என்பதை
எந்தக் கைக்கும் சொல்லிப் புரியவைக்க முடியாது.
மூடியைக் கண்ணாடிமேல் கவிழ்த்துச் சமம் பார்த்தேன்,
மரச்சுத்தியால் நாலு தட்டு,
புதிதாய்ச் சிவப்பு ரப்பர்.
டார்க் ரெஞ்ச் 'டிக்' என்றதும் நிறுத்தினேன்.
இன்னும் கொஞ்சம் என்று மணிக்கட்டு கேட்டது.
கொடுக்கவில்லை.

சேசடிமை வந்து நின்றார், பின்சீட்டுக்காரர்.
தங்கச்சிமடத்துக் கடலோடி.
ஆவுளியாக்களை மேலிருந்து எண்ணிச் சொல்லத்
தினக்கூலிக்கு எடுத்திருக்கிறார்கள்.
"நம்ம வல்லத்து எஞ்சினு ஒழுகாத நாளே இல்ல.
அடியில ஒரு தகரத்த வெப்போம்.
நெறஞ்சா எடுத்துத் திரும்ப ஊத்திக்கிருவோம்."
குனிந்து வயிற்றைப் பார்த்தார்.
"இதுல எங்கிட்டு வெப்ப?"

மறுநாள் பறந்து திரும்பியது.
மூன்றாம் சிலிண்டர் உலர்ந்து கிடந்தது.
வயிற்றில் அதே கோடு.

மல்லாந்து படுத்துத் துணியால் தொடர்ந்தேன்.
கோடு போய் முடிந்த இடம் மூச்சுக்குழாய்.
அது ஓட்டை இல்லை, ஓட்டையாகவே செய்து வைத்தது.
எட்டுக் கோடு வரை ஊற்றலாம் என்கிறது புத்தகம்.
இந்த எஞ்சினுக்கு ஆறுதான் பிடிக்கும்.
மிச்சத்தை வழியெல்லாம் துப்பிவிட்டு
ஆறில் வந்து நின்றுகொள்ளும்.
காலையில் யாரோ எட்டாக்குகிறார்கள்.
மாலையில் ஆறாகித் திரும்புகிறது.

"நான்தான்" என்றார் கேப்டன் நிரஞ்சனி.
ஹெட்செட் கழுத்தில் தொங்க,
தண்ணீர் பாட்டிலை மூடித் திறந்து மூடினார்.
"ரெண்டு கோடு கொறஞ்சிருக்குன்னு தெரிஞ்சா
கீழ பார்க்க முடியல.
கீழ பார்க்குறதுதானே வேல."
எஞ்சின் ஒன்றுதான்.
கீழே எந்தப் பக்கம் பார்த்தாலும் தண்ணீர்.
நான் புத்தகம் பேசவில்லை.

எண்ணெய் ஊற்றும் கதவின் உட்புறம்
வெள்ளைப் பெயிண்டில் எழுதி வைத்தேன்:
ஆறு.
எண்ணாய் எழுதியிருக்கலாம். எழுத்தாய் வந்துவிட்டது.

சேசடிமை எட்டிப் பார்த்து எழுத்துக்கூட்டினார்.
"யார ஆறச் சொல்ற? எஞ்சினையா, அந்தப் புள்ளையையா?"
பெயிண்ட் காயவில்லை, தொடாதீங்க என்றேன்.

அடுத்த நாள் காலை அளவுகோலை உருவினேன்.
ஏழு.

மாலையில் இறங்கினார்கள்.
நாலு ஆவுளியா, ஒன்றோடு குட்டி
என்று விரலை நீட்டிக் காட்டிக்கொண்டே
வேலிப்பக்கம் பீடி பற்றவைக்கப் போனார் சேசடிமை.
வயிற்றில் கோடு இருந்தது,
நூல் அளவுக்கு.
துடைத்தேன்.