டூ மச்

குத்தாயிசி நகரம். மூன்றாம் வகுப்பு.
நாலு பெஞ்சைச் சேர்த்துப் போட்டால் கடைத்தெரு.
முட்டை அட்டையில் பிளாஸ்டிக் எலுமிச்சை,
ஒற்றைக் கையுறை,
சரக்கு போதாமல் என் குடை.
ஆளுக்குப் பத்துக் காகிதக் காசு.

கடைக்காரி தெயோனா.
"ஹவ் மச்?"
மல்காஸ் குடையை விரித்தான்,
கம்பிகளை எண்ணினான்,
உதட்டைப் பிதுக்கினான்.
"செவன்."
"டூ மச்!"
வைத்துவிட்டு நடையைக் கட்டினான்.

அவன் அம்மா சந்தையில் கொத்தமல்லி விற்பவள்.
எத்தனையாவது எட்டில் கூப்பிடுவார்கள் என்பது
அவனுக்கு அத்துப்படி.
மெதுவாகத்தான் போனான்.
கரும்பலகை தாண்டி, குப்பைக்கூடை தாண்டி,
வாசலில் குனிந்து
அவிழாத ஷூ லேஸை அவிழ்த்துக் கட்டினான்.

தெயோனா என்னைப் பார்த்தாள்.
போகிறவனைத் திருப்பிக் கூப்பிட
ஒரு வார்த்தையும் நான் சொல்லித்தரவில்லை.
இருந்ததை வைத்துக் கத்தினாள்:
"தேங்க் யூ! குட்பை!"
இரண்டு கையாலும்
வா வா என்று அழைத்தபடி
"குட்பை! குட்பை!"

வந்தான்.
"ஃபைவ்."
தலையாட்டினாள்.

மணி அடித்தபோது வெளியே நல்ல மழை.
கையை நீட்டினேன்.
மல்காஸ் குடையை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனான்.
"நைன்," என்றான்.