ஐந்து எழுத்து

டிசம்பரில் ரெய்க்யாவிக்கில் விடியப் பதினொரு மணியாகும்.
அதற்கு முன்பே ஸ்டெய்ன்வோர்
இருட்டறைக்குள் போய்விடுகிறாள்.
நுண்ணோக்கிக்கு வெளிச்சம் ஆகாது.
அவளுக்கும் பழகிவிட்டது.

நேற்று இரண்டு கிண்ணம் செல்களுக்கு
எக்ஸ் கதிர் காட்டினாள்,
ஒரு காபி கோப்பையைக் கழுவும் நேரம்.
ஒவ்வொரு உட்கருவிலும் எழுபது எண்பது இடங்களில்
இரண்டு இழையும் ஒருசேர அறுந்தன.

ஓர் இழை அறுந்தால் பிழைத்துக்கொள்ளலாம்.
எதிர் இழை இருக்கிறது,
பார்த்து எழுதிக்கொள்ளலாம்.
இரண்டும் போனால் எதைப் பார்ப்பது?

அவசரக்காரச் செல்
கைக்குக் கிடைத்த முனைகளை ஒட்டிவிடும்,
நடுவில் நாலு எழுத்து போனால் போகட்டும் என்று.

ஆனால் பிளவதற்குச் சற்று முன்
ஒரு சிறு பொழுது உண்டு.
முழுப் பாடமும் படியெடுத்தாகிவிட்டது,
மூலமும் படியும் இன்னும் பிரியவில்லை,
ஒன்றையொன்று பிடித்தபடி நிற்கின்றன.
பாடப்புத்தகம் அதைச் சகோதரி என்கிறது.
அந்தப் பொழுதுக்குள் கேட்டால்தான் உண்டு.

கேட்கும் முறை விசித்திரமானது.
அறுந்த முனை முதலில்
தன்னையே கொஞ்சம் கொறித்துக்கொள்கிறது.
இழந்தது போதாதென்று இன்னும் இழந்து
ஒற்றை நூலாக, வெற்று நூலாக
நீட்டிக்கொண்டு நிற்கிறது.
அதன் மேல் ஒரு புரதம் வரிசையாக ஏறி உட்கார,
நூல் எழுந்து தேடப் போகிறது.
முந்நூறு கோடி எழுத்துக்குள்
தன் வரி எங்கே, தன் வரி எங்கே என்று.
கண்டதும் சகோதரியின் இரட்டைப் பின்னலை விலக்கி
உள்ளே நுழைந்து, ஒத்துப் பார்த்து,
விட்டுப்போனதை எழுதிக்கொண்டு திரும்புகிறது.
சகோதரிக்கு ஓரெழுத்தும் குறைவதில்லை.

அந்தப் புரதத்தைக் கைபிடித்து
நூலில் ஏற்றிவிட இன்னொரு புரதம் வேண்டும்.
அதன் பாடத்தில்தான்
டீர்ஃபின்னாவுக்கு ஐந்து எழுத்து குறைவு,
அப்பா வழியில்.
அம்மா தந்த நல்ல பிரதி
ஐம்பத்திரண்டு வருடம் ஒண்டியாகத் தாங்கியது.
இடது மார்பில் எங்கோ ஒரு செல்லில்
அதுவும் தொலைந்தது.

ஸ்டெய்ன்வோருக்கு இந்தப் பெயர் தெரியாது.
அவளிடம் இருப்பது ஓர் எண், இரண்டு கண்ணாடித் தகடு.
முதல் தகடு ரத்தம்.
நீல உட்கருவில் பச்சைப் புள்ளிகள்,
பழுதுபார்க்கும் இடத்துக்கு ஒன்றாக.
பன்னிரண்டு, இருபது, ஒன்றில் முப்பத்தொன்று.
இரண்டாம் தகடு கட்டி.
நீலம். நீலம்.
விளக்கைக் கூட்டினாள்.
நீலம்தான்.

நம் எழுத்தின் தலையில் புள்ளி வைத்தால்
உயிர் விலகி மெய் மட்டும் நிற்கும்.
இங்கே புள்ளி விழுந்த இடத்தில்தான்
உயிர்.

டீர்ஃபின்னாவின் தங்கை ஓட்னிக்கும் பரிசோதனை நடந்தது.
அவளுக்கு ஐந்து எழுத்தும் இருந்தன.
ஆஸ்பத்திரி வாசலில், காருக்குள்,
முகப்புக் கண்ணாடியில் பனி ஏறி மூடும் வரை
அவள் சாவியைத் திருப்பவில்லை.
"எனக்கு வந்ததில் பாதியை எடுத்துக்கொள்ள முடியாதா?"
டீர்ஃபின்னா சொன்னாள்,
"ஹீட்டரைப் போடு முதலில்."

ஒரு மாத்திரை இருக்கிறது.
சில்லறை அறுப்புகளை ஒட்டும் கையை
அது கட்டிப்போடும்.
படியெடுக்கும் வேளையில் அவை பெரிய அறுப்பாகும்.
புள்ளி வைக்கத் தெரிந்த செல் சமாளித்துக்கொள்ளும்.
தெரியாதது சாகும்.
ஆகவே, அந்தப் படிவத்தில்
எல்லோரும் காண விரும்பிய எண் பூஜ்யம்.

ஸ்டெய்ன்வோர் பூஜ்யம் என்று எழுதினாள்.
நம்பாமல் இன்னும் ஐம்பது செல் எண்ணினாள்.
பூஜ்யத்தை அழுத்தி எழுதினாள்.

சாயங்காலம் நீச்சல் குளத்தின் வெந்நீர்த் தொட்டியில்
தலையில் பனி விழ, கழுத்துவரை ஆவி.
யாரோ சொன்னார்:
ஹெல்லிஸ்ஹெய்டி மேட்டுப் பாதை மறுபடி அடைத்துவிட்டார்களாம்,
பனி தள்ளும் வண்டி ஓட்டுகிற அந்த அம்மா
லீவாம், வசந்தத்தில்தான் வருவாளாம்.
இன்னொருவர், அவள் தள்ளினால்
தார் தெரியும் என்றார்.

ஸ்டெய்ன்வோர் கண்ணை மூடினாள்.
இமைக்குள் இன்னும்
பச்சைப் புள்ளிகள்.
எண்ணத் தொடங்கி, நிறுத்தினாள்.