மதிப்பெண்: இரண்டு

புந்தா அரேனாஸில் காற்று
கதவைத் தட்டாது, தள்ளும்.
அன்றிரவு மூன்றாம் மாடிச் சன்னல்கள் எல்லாம்
பல்லை நறநறத்துக்கொண்டிருந்தன.
உள்ளே, ஐந்தாம் பெட்டியில்,
எண்ணூற்று எழுபது கிராம் பல்தசார்
ஒன்றும் சொல்லாமல் கிடந்தான்.

சொல்ல வழியில்லை.
குரல்நாண் இரண்டுக்கும் நடுவே குழாய்.
அழுகிற பிள்ளைக்குத்தான் பால் என்று
எங்கள் ஊரிலும் ஒரு பழமொழி உண்டு.
இந்த அறையின் வாசலோடு அது நின்றுவிடும்.

என்னிடம் ஒரு படிவம் இருக்கிறது.
புருவம் புடைத்ததா, கண் இறுகியதா,
மூக்கோரம் மடிப்பு விழுந்ததா,
நாடி எவ்வளவு ஏறிற்று,
ஆக்சிஜன் எவ்வளவு இறங்கிற்று.
மூக்கோரத்தில்தான் குழாயைப் பிடிக்கும் பிளாஸ்திரி.
தெரிகிற முகத்தை வைத்துக்
கூட்டிப் போடுவோம்.

மூன்றேகால் மணிக்குக்
குதிகாலில் குத்தி
துளித் துளியாய்ப் பிழிந்தேன்.
நெற்றி அசையவில்லை.
இரண்டு என்று எழுதினேன்.
'சமர்த்து' என்று அவனிடம் சொல்லவும் செய்தேன்.

டாக்டர் மருசிச் எட்டிப் பார்த்து
'அமைதியாக இருக்கிறான்' என்றார்.
பதினெட்டு வருடமாய் நானும்
அந்தச் சொல்லைத்தான் புழங்குகிறேன்.
தூங்குகிற பிள்ளைக்கும் அதுதான்,
அழக்கூடத் தெம்பற்றுப் போன பிள்ளைக்கும்
அதுதான்.

அம்மா ஒரியானா
நண்டு ஆலையில் ஓடு உடைப்பவள்.
விரல் நுனியெல்லாம் பழைய கீறல்.
பிறவியிலேயே காது கேளாது.
அலாரம் அலறினால்
நாங்கள் அத்தனை பேரும் திரையைப் பார்ப்போம்.
அவள் ஒருத்திதான்
பிள்ளையைப் பார்ப்பாள்.

என் முழங்கையைத் தொட்டாள்.
ஐந்து விரலையும் விரித்து
முகத்துக்கு நேரே நீட்டினாள்,
நரம்பு தெரிய,
நடுங்க நடுங்க.

எனக்குத் தெரிந்த சைகைகள் நாலு:
பால், தூக்கம், டாக்டர், பொறு.
இது எதிலும் சேரவில்லை.
'பொறு' என்று காட்டினேன்.

அவள் தலையை ஆட்டினாள், இல்லை, இல்லையென்று.
கைபேசியில் தட்டி என் முன் பிடித்தாள்:
*இது என் பாஷை இல்லை.
அவனுடையது.*

குனிந்தேன்.
துணியின் ஓரத்தில்
அவரைப் பிஞ்சு அகலக் கை.
விரல்கள் விரிந்தபடி.
ஊசியை எடுத்து இருபது நிமிடம்
ஆகியிருந்தது.
வயிற்றில் சலவைக்கல் போல
நீலமும் வெள்ளையும் ஓடின.
குழாயைச் சுற்றி வாய் திறந்திருந்தது.
குழாய்க்காகத் திறந்த வாய் என்றுதான்
இத்தனை நாளும் நினைத்திருந்தேன்.

*எவ்வளவு நேரமாய்?* என்று தட்டினேன்.
*நீ தொட்டதிலிருந்து.
கத்திக்கொண்டே இருக்கிறான்.*

உதட்டில் சர்க்கரைத் தண்ணீர் ஒரு சொட்டு.
ஒரு கையால் தலையை,
ஒரு கையால் மடக்கிய கால்களைப்
பொத்திப் பிடித்தேன்.
பிறகு அவள் கையை உள்ளே வாங்கி
என் கை இருந்த இடத்தில் வைத்தேன்.
டாக்டரை எழுப்பினேன்.
'யார் சொன்னது?'
'அம்மா.'
'அம்மாக்களுக்கு எல்லாமே வலிதான், நெலிதா.'
சொல்லிவிட்டு, மருந்தையும் எழுதினார்.

அவர் சொன்னதும் பொய்யில்லை.
நான் பார்த்தது அவன் வலியா, அவள் வலியா,
அடித்துச் சொல்ல என்னால் ஆகாது.
நாலரைக்கு விரல்கள் மடங்கின.
ஒன்று, பிறகு மூன்று சேர்ந்து,
கட்டைவிரல் கடைசியில்.
மருந்தா, அவள் கையா,
களைப்பா.

படிவத்தில் விரலுக்குக் கட்டமில்லை.
இரண்டை அடித்தேன்.
மேலே என்ன போடுவதென்று தெரியாமல்
ஓரத்தில் 'கை' என்று மட்டும் எழுதினேன்.

ஏழு மணிக்கு மக்தா வந்தாள்,
தொப்பியில் பனித்தூள்.
கோட்டைக் கழற்றிக்கொண்டே கேட்டாள்,
'அஞ்சாம் பெட்டி எப்படி?'
நுனிநாக்கு வரை 'அமைதி' வந்துவிட்டது.
விழுங்கிவிட்டுக் கையைத் தூக்கிக் காட்டினேன்,
விரல்களை விரித்து,
நரம்பு தெரிய.

'அஞ்சா?' என்றாள்.
பேனாவைத் தேடினாள்.