தற்காலிகம்

பொம்மனஹள்ளி, இரவு இரண்டேகால்.
கீழே தண்ணீர் லாரியின் மோட்டார்.
வெளியிலிருந்து எங்கள் சர்வரைத் தட்டிப் பார்க்கிறேன்
திருடன் தட்டுவதுபோல, ஒவ்வொரு எண்ணாக.

22 சாவி கேட்கிறது. சரி.
443 கடைவாசல், திறந்துதான் இருக்கணும்.
3306 மூச்சு விடவில்லை.
6379:
பிங் என்றேன்.
பாங் என்றது.
யார் எவரென்று கேட்கவே இல்லை.

ஃபயர்வாலில் விதியைத் தேடினேன்.
பூஜ்ஜியம் புள்ளி பூஜ்ஜியம் புள்ளி பூஜ்ஜியம் புள்ளி பூஜ்ஜியம்,
அதாவது ஊர் உலகம் மொத்தத்துக்கும்.
எந்தப் புண்ணியவான் என்று திட்டிக்கொண்டே
ஓரக் குறிப்பைப் படித்தேன்:
"தற்காலிகம். ரெண்டு நாள். திலகேஸ்வரி."

என் பெயர்.

போன ஆகஸ்ட். ஜெயநகர் ஆஸ்பத்திரி வராந்தா.
வைஃபை மாறமாற முகவரியும் மாறியது.
உள்ளே ஐசியூவில் அப்பா,
மடியில் லேப்டாப்,
நர்ஸ் கூப்பிடுமுன் முடிக்கவேண்டிய ஏதோ ஒன்று.
என்ன வேலை என்று இப்போது நினைவில்லை.

பதினொரு மாதம்.
யார்யாரோ தட்டிவிட்டுப் போயிருக்கிறார்கள்.
ஒருவன் மட்டும் தினமும்
விடிகாலை நாலு பத்துக்கு.

விதியை அழித்தேன்.
மறுபடி தட்டினேன்.
பதில் இல்லை.

இன்னொரு தடவையும் தட்டினேன்,
தேவையே இல்லை,
ஆனாலும்.